கணக்கு மேசையில் ஒரு தவம்

சயாஜி ஊ பா கின் (1899 – 1971)

தியானம் என்றதும் பெரும்பாலோர் மனக்கண்ணில் தோன்றுவது மலைக்குகையும் ஆற்றங்கரையும் காவியுடையும்தான். காலையில் பேருந்தைப் பிடித்து அலுவலகம் சென்று, மாலைவரை கோப்புகளோடு மல்லாடிவிட்டு, வீடு திரும்பிக் குடும்பக் கடமைகளையும் கவனிக்க வேண்டிய ஒருவருக்கு அதெல்லாம் எட்டாத உயரம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பணி ஓய்வு பெற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சாதனையைத் தள்ளி வைப்பவர்களும் பலர்.

இந்த எண்ணத்தைத் தம் வாழ்க்கையாலேயே மறுத்துக் காட்டியவர் பர்மாவைச் சேர்ந்த ஊ பா கின். அவர் துறவி அல்லர். மனைவியும் ஐந்து பெண்களும் ஒரு மகனும் கொண்ட குடும்பஸ்தர். கணக்கு எழுத்தராக அரசுப் பணியில் நுழைந்து, விடுதலை பெற்ற பர்மாவின் முதல் தலைமைக் கணக்காயராக உயர்ந்தவர். ஒரே சமயத்தில் பல துறைகளின் பொறுப்பைச் சுமந்தவர். அத்தனை பணிகளுக்கும் நடுவே, தம் அலுவலகத்திலேயே ஊழியர்களுக்குத் தியானம் கற்பித்தவர். பணியிடங்களில் மனக்கவனப் பயிற்சி என்று இன்று உலகெங்கும் பேசப்படும் ஒன்று, 1950ஆம் ஆண்டிலேயே இரங்கூன் நகரத்தின் ஓர் அரசு அலுவலகத்தில் நடைமுறையில் இருந்தது.

அவருடைய மாணவர்கள் அவரை 'சயாஜி' என்று அழைத்தார்கள். பர்மிய மொழியில் 'சயா' என்றால் ஆசான். 'ஜி' என்பது மரியாதை விகுதி. பெயருக்கு முன்னால் வரும் 'ஊ' என்பதும் மரியாதைச் சொல்லே.

இளமையும் கல்வியும்

1899ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள், இரங்கூனில் தொழிலாளர்கள் வாழ்ந்த பகுதியில், எளிய குடும்பம் ஒன்றில் பா கின் பிறந்தார். இரண்டு பிள்ளைகளில் அவர் இளையவர். அப்போது பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமாக இருந்தது.

எட்டாம் வயதில் மெதடிஸ்ட் நடுநிலைப் பள்ளியில் சேர்ந்தார். பாடங்களை வரிசை பிறழாமல் மனத்தில் நிறுத்திக்கொள்ளும் ஆற்றல் இளமையிலேயே அவருக்கு இருந்தது. ஆங்கில இலக்கண நூலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை மனப்பாடம் செய்தார். எல்லா வகுப்புகளிலும் முதலிடம் பெற்றார். ஆசிரியர் ஒருவரின் உதவியால் கத்தோலிக்கர்கள் நடத்திய புனித பால் பள்ளியில் இடம் கிடைத்தது. அங்கும் ஒவ்வோர் ஆண்டும் அவரே முதல் மாணவர்.

1917இல் பள்ளி இறுதித் தேர்வில் தங்கப் பதக்கமும் கல்லூரியில் படிப்பதற்கான உதவித்தொகையும் பெற்றார். ஆனால் குடும்பச் சூழ்நிலை கல்லூரிக்குச் செல்ல இடம் தரவில்லை. சம்பாதித்தே ஆக வேண்டிய நிலை. சில காலம் 'தி சன்' என்ற பர்மியப் பத்திரிகையில் வேலை பார்த்தார். அதன்பின் பர்மாவின் தலைமைக் கணக்காயர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். நம் நாட்டில் மக்கள் 'ஏ.ஜி. ஆபீஸ்' என்று அழைக்கும் அலுவலகத்தைப் போன்றது அது. அரசுக் கருவூலத்தில் வந்து சேரும் பணமும், அதிலிருந்து வெளியேறும் பணமும் சரியாகப் பதிவாகின்றனவா என்று பார்ப்பது அதன் வேலை.

அந்நாளில் அந்த அலுவலகத்தில் ஆங்கிலேயரும் இந்தியருமே மிகுதி. பர்மியர் மிகச் சிலரே. 1931ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இரங்கூன் நகரவாசிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர்; தமிழர்களும் அவர்களில் கணிசமாக இருந்தார்கள். இத்தகைய சூழ்நிலையில், சிபாரிசுக்கு ஆள் இல்லாத ஓர் ஏழை பர்மிய இளைஞர் உழைப்பை மட்டுமே நம்பிப் படிப்படியாக முன்னேறினார். 1926இல் கணக்குப் பணித் தேர்வில் வெற்றி பெற்றார்.

மூச்சைக் கவனித்த நாள்

1937ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் நாள் அவர் வாழ்க்கையில் ஒரு திருப்பம் நிகழ்ந்தது. சயா தெட்ஜி என்ற தியான ஆசானின் மாணவர் ஒருவர் பா கின்னைக் காண வந்தார். பேச்சு தியானத்தைப் பற்றித் திரும்பியது. மூக்கின் வழியே மூச்சு உள்ளே செல்வதையும் வெளியே வருவதையும், அதை மாற்ற முயலாமல் உள்ளபடியே கவனிக்கும் 'ஆனாபான' என்னும் முறையை வந்தவர் விளக்கினார். பா கின் அப்போதே முயன்று பார்த்தார். மனம் வியக்கத்தக்க அளவில் ஒருமுகப்பட்டது. எப்படியும் இதை முழுமையாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவர் உறுதி பூண்டார்.

பத்து நாள் விடுப்புக்கு விண்ணப்பித்துவிட்டு, ஒரு வாரத்திற்குள் புறப்பட்டார். சயா தெட்ஜியின் தியான நிலையம் இரங்கூன் ஆற்றுக்கு அப்பால், வயல்கள் சூழ்ந்த பியாவ்ப்வேஜி என்ற சிற்றூரில் இருந்தது. படகில் பயணம் செய்து, சேற்று நிலத்தைக் கால்நடையாகக் கடந்து, கால்களில் சேறு படிந்த கோலத்தில் அவர் ஆசானின் முன் போய் நின்றார்.

சயா தெட்ஜியும் துறவி அல்லர். அவர் ஒரு விவசாயி. 1903இல் பரவிய காலரா நோய்க்குத் தம் மகனையும் மகளையும் பறிகொடுத்தவர். அந்தத் துயரத்திற்கு மருந்து தேடிப் பல ஆண்டுகள் அலைந்து, இறுதியில் லெடி சயாடோ என்ற புகழ்பெற்ற பிக்குவிடம் வழி கண்டவர். தியானம் துறவிகளுக்கு மட்டுமே உரியது என்ற அக்கால வழக்கை மாற்றி, இல்லறத்தாருக்கும் அதைத் திறந்துவிட்டவர் லெடி சயாடோ. அந்தப் பெருந்தகையின் அனுமதியோடுதான் சயா தெட்ஜி கற்பித்துவந்தார். விவசாயியிடமிருந்து கணக்கருக்கு வந்து சேர்ந்த அந்தக் கல்வி, ஆரம்பத்திலிருந்தே உழைத்து வாழும் மக்களின் கைகளிலேயே வளர்ந்தது.

ஆனாபானத்தால் மனம் அடங்கியதும், 'விபஸ்ஸனா' கற்பிக்கப்பட்டது. தலை முதல் பாதம்வரை உடலில் எழும் உணர்ச்சிகளை ஒவ்வொன்றாகக் கவனிப்பதும், இனியதை விரும்பிப் பற்றாமலும் இன்னாததை வெறுத்துத் தள்ளாமலும், தோன்றியது எதுவும் மறைந்தே தீரும் என்ற நிலையாமையை அனுபவத்தால் உணர்வதுமே அதன் சாரம். பா கின் அதில் விரைவாக முன்னேறினார்.

பத்து நாள் கழித்து அலுவலகம் திரும்பியபோது அவர் மேசைமேல் ஓர் உறை காத்திருந்தது. திடீரென்று புறப்பட்டுப் போனதற்காக வேலையிலிருந்து நீக்கிவிட்டார்களோ என்ற அச்சத்தோடுதான் அதைப் பிரித்தார். உள்ளே இருந்ததோ பதவி உயர்வுக் கடிதம். 1937 ஏப்ரலில் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்படவிருந்தது. அதற்கெனப் புதிதாக அமைக்கப்பட்ட தணிக்கை அலுவலகத்தில் அவர் சிறப்புக் கண்காணிப்பாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார்.

இதைத் தியானத்தின் பரிசு என்று கருதத் தோன்றும். ஆனால் அந்த உயர்வுக்குப் பின்னால் இருபது ஆண்டு உழைப்பு இருந்தது. பின்னாளில் அவர் கற்பித்ததிலும் இதே தெளிவைக் காணலாம். உலக ஆதாயங்களுக்காகத் தியானம் செய்யுமாறு அவர் எவரையும் அழைத்ததில்லை.

இரு ஆசான்களின் ஆணை

அதன்பின் ஆசானின் நிலையத்திற்கு அடிக்கடி செல்வதும், ஆசான் இரங்கூன் வரும்போதெல்லாம் அவரைச் சந்திப்பதும் ஊ பா கின்னின் வழக்கமாயின. 1941இன் தொடக்கத்தில் அரசுப் பணி நிமித்தமாக மேல் பர்மா சென்றபோது, வெபு சயாடோ என்ற பிக்குவைத் தற்செயலாகச் சந்தித்தார். உயர்ந்த நிலையை எய்தியவராகப் பர்மிய மக்கள் போற்றிய மகான் அவர். இல்லறத்தில் இருக்கும் ஓர் அரசு அதிகாரியிடம் இத்தகைய தியான முதிர்ச்சியைக் கண்டு வியந்த அவர், கற்றதைப் பிறருக்கும் கற்பிக்குமாறு பணித்தார்.

அடுத்த ஆண்டே போர் பர்மாவைச் சூழ்ந்தது. 1942 மார்ச்சில் ஜப்பானியப் படைகள் இரங்கூனைக் கைப்பற்றின. பல லட்சம் இந்தியர்கள் கால்நடையாகக் காடுகளையும் மலைகளையும் கடந்து தாயகம் நோக்கி நடந்தார்கள். வழியில் மாண்டவர் பல்லாயிரம். அந்த ஆண்டுகளில் சயா தெட்ஜி இரங்கூனில் தம் மாணவர் ஒருவரின் இல்லத்தில் சில காலம் தங்கினார். ஆசானை இன்னும் அடிக்கடி காண வேண்டும் என்று மாணவர்கள் விரும்பியபோது, குறித்த வேளையில் மட்டுமே பார்க்கக்கூடிய மருத்துவருக்குத் தம்மையும், எந்நேரமும் அருகிலிருந்து கவனிக்கும் செவிலியருக்கு ஊ பா கின்னையும் அவர் ஒப்பிட்டார். தமக்குப் பின் கற்பிக்க வேண்டியவர் யார் என்பதை அவர் அவ்வாறு உணர்த்தினார். 1945இல் சயா தெட்ஜி மறைந்தார்.

ஆயினும் ஊ பா கின் அவசரப்படவில்லை. வெபு சயாடோ பணித்த நாளிலிருந்து ஏறத்தாழப் பத்து ஆண்டுகள், தம் பயிற்சியை ஆழப்படுத்திக்கொண்டு, அலுவலகக் கடமைகளைச் செய்துகொண்டு அவர் காத்திருந்தார்.

விடுதலை நாளில் ஏற்ற பொறுப்பு

1948ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் பர்மா விடுதலை பெற்றது. அதே நாளில் ஊ பா கின் தலைமைக் கணக்காயராகப் பொறுப்பேற்றார்.

அது மலர்ப் படுக்கை அன்று. விடுதலைக்கு ஆறு மாதங்களுக்கு முன்புதான், 1947 ஜூலையில், தேசத்தின் தலைவர் ஆங் சான் தம் அமைச்சர்களோடு சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார். போரினால் துறைமுகங்களும் இருப்புப்பாதைகளும் சிதைந்து கிடந்தன. விடுதலை பெற்ற சில மாதங்களிலேயே உள்நாட்டுக் கிளர்ச்சிகள் வெடித்தன. நிர்வாகத்தை நடத்திவந்த அனுபவசாலிகளான ஆங்கிலேயரிலும் இந்தியரிலும் பலர் நாட்டைவிட்டுச் சென்றுவிட்டார்கள். பயிற்சி பெற்ற கணக்கர்கள் போதாத நிலையில், ஒரு புதிய அரசின் வரவு செலவுகளை ஒழுங்குபடுத்த வேண்டியிருந்தது.

கணக்கு அலுவலகத்தில் கவனக்குறைவு என்பது சிறிய குற்றம் ஆகாது. ஓர் இலக்கம் இடம் மாறினால் ஒரு விதவையின் ஓய்வூதியம் நின்றுபோகும். ஒரு பற்றுச்சீட்டைப் பார்த்தும் பாராததுபோல் விட்டால் பொதுப்பணம் திருடன் கைக்குப் போய்ச் சேரும். சலிப்பு, அவசரம், அச்சம், ஆசை ஆகிய நான்கும் எழுத்தரின் மேசையருகே எப்போதும் காத்து நிற்பவை. விதிமுறைகள் மட்டும் இவற்றை வென்றுவிட முடியாது என்பதை முப்பது ஆண்டு அனுபவம் ஊ பா கின்னுக்கு உணர்த்தியிருந்தது. பேனாவைப் பிடித்திருக்கும் கையை இயக்குவது மனம். அந்த மனத்துக்குப் பயிற்சி அளிக்க வேண்டும் என்று அவர் கருதினார்.

அலுவலகத்திலே தியானம்

1950இல் தலைமைக் கணக்காயர் அலுவலகத்தின் விபஸ்ஸனா சங்கத்தை அவர் நிறுவினார். அலுவலகத்திலேயே வழிபாட்டுக்கென இருந்த அறையில் பயிற்சி நடந்தது. மாணவர்களில் பெரும்பாலோர் அங்குப் பணியாற்றிய ஊழியர்களே.

முதலில் ஒழுக்கம். உயிர்க்கொலை, களவு, தகாத பாலுறவு, பொய், போதை ஆகியவற்றை விலக்கும் ஐந்து சீலங்களை ஏற்ற பின்பே பயிற்சி தொடங்கும். அடுத்து, மூச்சைக் கவனித்து மனத்தை ஒருமுகப்படுத்தும் சமாதி. அதன்மேல், உடலில் எழும் உணர்ச்சிகளின் நிலையாமையைக் கண்டு பெறும் பிரக்ஞை. சீலம், சமாதி, பிரக்ஞை என்னும் மூன்றில் ஒன்றை விட்டு மற்றொன்றைப் பெற முடியாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். கையூட்டு வாங்கும் கையோடு மனத்தை ஒருமுகப்படுத்த முயல்வது, ஓட்டைக் குடத்தில் நீர் நிறைப்பது போன்றதே. அவருடைய அலுவலகத்தில் தியானமும் நேர்மையும் இரண்டு தனித்தனிப் பாடங்களாக இருக்கவில்லை.

இந்தப் பயிற்சி ஓர் ஊழியருக்கு எவ்வாறு உதவுகிறது? சினம் எழும்போது மூச்சின் போக்கு மாறுகிறது, நெஞ்சு படபடக்கிறது, உடல் வெப்பமடைகிறது. இந்த மாற்றங்களை உடனுக்குடன் கவனிக்கப் பழகியவர், கடுஞ்சொல் வாயிலிருந்து வெளிவருமுன் தம்மை நிறுத்திக்கொள்ள முடிகிறது. ஆசை காட்டப்படும்போதும் அப்படியே. மேலதிகாரி அச்சுறுத்தும்போதும் அப்படியே. ஒரு கோப்பை முடித்துவிட்டு அடுத்த கோப்பை எடுக்கும்போது, முன்னதன் எரிச்சலைப் பின்னதற்குச் சுமந்து செல்லாமல் இருக்கவும் அவரால் முடிகிறது.

ஊ பா கின் தாமே இதற்கு உதாரணமாக இருந்தார். கண்டிப்பானவர் என்று பெயர் பெற்றவர் அவர். தவறு கண்ட இடத்தில் அவருடைய குரல் இடிபோல் முழங்கும். ஆனால் அடுத்த நொடியே முகத்தில் புன்னகை திரும்பிவிடும். வெளியே தோன்றிய கடுமை உள்ளே வேர் பிடிக்கவில்லை என்பதை உடனிருந்தவர்கள் உணர்ந்தார்கள்.

நெல் வாரியத்தில் ஒரு சோதனை

1953இல் தலைமைக் கணக்காயர் பதவியிலிருந்து ஓய்வு பெறும் வேளை வந்தது. ஆனால் அரசு அவரை விடவில்லை. மீண்டும் மீண்டும் அழைத்துப் புதிய பொறுப்புகளை ஒப்படைத்தது. வணிகத் தணிக்கைத் துறையின் இயக்குநராகவும், கணக்கு மற்றும் தணிக்கைப் பயிற்சி நிறுவனத்தின் தலைவராகவும் அவர் விளங்கினார். ஒரு காலகட்டத்தில் மூன்று ஆண்டுகள் மூன்று துறைகளுக்கும், மற்றொரு முறை ஏறத்தாழ ஓராண்டு நான்கு துறைகளுக்கும் ஒரே சமயத்தில் தலைமை வகித்தார்.

அவற்றுள் கடுமையானது அரசு வேளாண் விற்பனை வாரியம். அரிசி ஏற்றுமதியே அன்றைய பர்மாவின் முதன்மையான அந்நியச் செலாவணி வருவாய். அந்த ஏற்றுமதி முழுவதும் இந்த வாரியத்தின் கையில் இருந்தது. பெரும்பணம் புழங்கிய இடத்தில் ஊழலும் ஒழுங்கின்மையும் புகுந்துவிட்டிருந்தன. அதைச் சீர்செய்ய, பிரதமர் ஊ நு தேர்ந்தெடுத்தவர் ஊ பா கின்.

அவர் வருகிறார் என்ற செய்தி கேட்டதுமே வாரியத்தின் அதிகாரிகள் கலங்கினார்கள். வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள். அதிகாரிகள் இல்லாமல் வாரியம் நடவாது, புதிய தலைவர் பணிந்துவிடுவார் என்று அவர்கள் எதிர்பார்த்தார்கள். ஊ பா கின் அவர்களை வசைபாடவும் இல்லை, அவர்களோடு பேரம் பேசவும் இல்லை. எஞ்சியிருந்த எழுத்தர்களையும் கடைநிலை ஊழியர்களையும் வைத்துக்கொண்டு, நாள்தோறும் வந்து வேலையை நடத்தினார். வாரங்கள் மாதங்களாயின. கடைசியில், நிபந்தனை எதுவும் இன்றி அதிகாரிகள் பணிக்குத் திரும்பினார்கள். அவர்களை அவர் பகைமை பாராட்டாமல் ஏற்றுக்கொண்டார்.

எதிர்ப்பு வந்தபோது சினம் கொள்ளாமலும், தனிமைப்படுத்தப்பட்டபோது தளராமலும், வென்றபோது பழிவாங்காமலும் இருக்க அவருக்குத் துணை நின்றது நாள் தவறாத உட்பயிற்சி. 1956இல் இந்த வாரியத்தின் தலைவராக அவர் நியமிக்கப்பட்டபோது, அரசு 'தரே சிது' என்ற உயரிய பட்டத்தை வழங்கிச் சிறப்பித்தது.

இதே ஆண்டுகளில்தான், 1954 முதல் 1956வரை, இரங்கூனில் ஆறாவது பௌத்த மகாசங்கம் நடைபெற்றது. பல நாடுகளிலிருந்து பிக்குகள் கூடித் திரிபிடக நூல்களை ஓதிச் சரிபார்த்தார்கள். அதற்கென 170 ஏக்கர் நிலத்தில் மண்டபமும் விடுதிகளும் மருத்துவமனையும் நூலகமும் எழுந்தன. அந்தப் பெரும்பணியின் கௌரவத் தணிக்கையாளர் ஊ பா கின். அடியார்கள் அளித்த ஒவ்வொரு காணிக்கையும் சரியான கணக்கில் சேர்வதைக் கவனிக்கும் பொறுப்பு அவருடையது. அதையும் அவர் சாதனையாகவே செய்தார்.

குன்றின்மேல் ஒரு நிலையம்

அலுவலக அறையில் தொடங்கிய பயிற்சிக்கு இடம் போதவில்லை. ஷ்வேடகோன் பகோடாவுக்கு வடக்கே சுமார் 2 மைல் தொலைவில், ஒரு சிறு குன்றின்மீது 1952இல் சர்வதேச தியான மையம் உருவாயிற்று. நடுவே ஒரு பகோடா. அதைச் சுற்றிலும் தனித்தனியே அமர்ந்து தியானம் செய்ய எட்டு சிற்றறைகள். பகலில் அரசு அலுவலகம், மற்ற வேளைகளில் இந்த மையம் என்று அவருடைய நாட்கள் கழிந்தன.

தம்மிடம் வருபவர்கள் உழைத்துப் பிழைப்பவர்கள், நீண்ட விடுப்பு எடுக்க இயலாதவர்கள் என்பதை அவர் மறக்கவில்லை. குறுகிய நாட்களிலேயே நிலையாமையை அனுபவத்தால் உணரும் வண்ணம் பயிற்சியை அவர் வகுத்தார். பத்து நாள் முகாம் முடிந்து வேலைக்குத் திரும்புபவர், நாள்தோறும் ஒரு நேரத்தை ஒதுக்கித் தவறாமல் பயிற்சியைத் தொடர வேண்டும் என்று வலியுறுத்தினார். எஞ்சிய நேரமெல்லாம் எடுத்த வேலையில் முழுக் கவனம் இருக்க வேண்டும் என்பதும் அவர் கருத்து.

1951இல் இரங்கூன் மெதடிஸ்ட் தேவாலயத்தில் பௌத்தத்தைப் பற்றி அவர் நிகழ்த்திய சொற்பொழிவுகள் நூலாக வெளிவந்து, வெளிநாட்டினர் பலரை அவர்பால் ஈர்த்தன. மெதடிஸ்ட் பள்ளியில் இலக்கண நூலை மனப்பாடம் செய்த சிறுவன், அரை நூற்றாண்டு நெருங்கும் வேளையில் அதே சபையின் ஆலயத்தில் ஆசானாக நின்றார்.

தலைவலியோடு வந்த தொழிலதிபர்

1955இல் அவரைத் தேடி வந்தவர்களில் சத்ய நாராயண கோயங்காவும் ஒருவர். பர்மாவில் பிறந்து வளர்ந்த இந்தியத் தொழிலதிபர். இளம் வயதிலேயே பெரும் செல்வமும் செல்வாக்கும் பெற்றிருந்தார். கூடவே கடுமையான ஒற்றைத் தலைவலியும் வந்து சேர்ந்திருந்தது. மார்பின் ஊசி போட்டால்தான் வலி தணியும் என்ற நிலை. வெளிநாட்டு மருத்துவர்களாலும் குணப்படுத்த முடியவில்லை.

தலைவலியைப் போக்கிக்கொள்ளத் தியானம் கற்க வேண்டும் என்று அவர் கேட்டபோது, ஊ பா கின் அந்த நோக்கத்தை ஏற்க மறுத்தார். உடல் நோய்க்கு மருத்துவமனைக்குச் செல்லலாம். மனத்தைத் தூய்மைப்படுத்தும் உயர்ந்த வழியை அற்பப் பயனுக்காக மதிப்பிறக்கம் செய்யலாகாது என்பது அவர் நிலைப்பாடு. மனத்தின் மாசுகள் நீங்கும்போது, அவற்றால் விளைந்த நோய்களும் தாமாக நீங்கக்கூடும் என்பதையும் விளக்கினார்.

கோயங்காவுக்கு மற்றொரு தயக்கமும் இருந்தது. அவர் வைதிகக் குடும்பத்தில் பிறந்தவர். இந்துச் சமூகத்தின் தலைவர்களில் ஒருவர். தம்மை மதம் மாற்றிவிடுவார்களோ என்று அஞ்சினார். ஒழுக்கம், ஒருமைப்பாடு, மெய்யறிவு ஆகிய மூன்றைத் தவிர வேறெதையும் தாம் கற்பிக்கப் போவதில்லை என்று ஊ பா கின் உறுதியளித்தார். இம்மூன்றில் எதை மறுக்க முடியும் என்று சிந்தித்த கோயங்கா, சில மாதங்களுக்குப் பின் முகாமில் சேர்ந்தார். தலைவலி நீங்கியது. ஆனால் அதைவிடப் பெரும் பயனாக அவர் பின்னாளில் கருதியது, சினமும் அகந்தையும் நிறைந்திருந்த தம் மனம் தணிந்ததையே. பதினான்கு ஆண்டுகள் அவர் ஊ பா கின்னின் அருகிலேயே பயின்றார்.

நிறைவேறிய கடன்

1967இல் ஊ பா கின் அரசுப் பணியிலிருந்து முழுமையாக ஓய்வு பெற்றார். அரை நூற்றாண்டு உழைப்புக்குப் பின், வாழ்வின் கடைசிச் சில ஆண்டுகள் மட்டுமே தியானம் கற்பிப்பதற்கென முழுமையாகக் கிடைத்தன.

அவர் உள்ளத்தில் ஓர் ஏக்கம் இருந்தது. இந்த ஞானம் பர்மாவுக்கு இந்தியாவிலிருந்து வந்தது. பிறந்த மண்ணில் அது மறைந்துவிட்டது. பெற்றதைத் திருப்பித் தர வேண்டிய கடன் பர்மாவுக்கு உண்டு என்று அவர் நம்பினார். தாமே இந்தியா வந்து கற்பிக்க விரும்பினார். ஆனால் 1962க்குப் பின் ராணுவ ஆட்சியில் இருந்த பர்மாவின் பயணக் கட்டுப்பாடுகள் அதற்கு இடம் தரவில்லை. நாட்டின் கணக்குகளையெல்லாம் நேர்செய்தவரால் தாம் செலுத்த விரும்பிய ஒரு கடனை நேரில் செலுத்த முடியவில்லை.

அந்தப் பொறுப்பை அவர் கோயங்காவிடம் ஒப்படைத்தார். 1969இல் தாயின் உடல்நலம் காரணமாக இந்தியா செல்லக் கோயங்காவுக்கு அனுமதி கிடைத்தது. அந்த ஆண்டு ஜூலை 3ஆம் நாள் மும்பையில் முதல் முகாம் தொடங்கியது. கலந்துகொண்டவர்கள் அவருடைய பெற்றோர் உட்பட வெகு சிலரே. ஆயினும் அந்தச் செய்தி இரங்கூனில் இருந்த ஆசானுக்குப் பெரும் நிறைவைத் தந்தது. தம்முடைய பிரதிநிதியாகவே மாணவர் செயல்படுவதாக அவர் கருதினார்.

1971ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் நாள் ஊ பா கின் மறைந்தார். அவர் விதைத்தது வளர்ந்தது. 1975இல் ஜெய்ப்பூர் மத்தியச் சிறையில் கைதிகளுக்கு விபஸ்ஸனா முகாம் நடந்தது. 1976இல் மகாராஷ்டிரத்தின் இகத்புரியில் தியான நிலையம் இயங்கத் தொடங்கியது. 1994இல் டெல்லி திகார் சிறையில் ஏறத்தாழ ஆயிரம் கைதிகள் ஒரே முகாமில் அமர்ந்தார்கள். 2013இல் கோயங்கா மறைவதற்குள், ஒரு கணக்கு அலுவலகத்தின் அறையில் தொடங்கிய பயிற்சி உலகின் பல நாடுகளைச் சென்றடைந்திருந்தது.

உழைப்போருக்கு ஒரு வழிகாட்டி

இன்று நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்கு மனக்கவனப் பயிற்சி அளிக்கின்றன. மன அழுத்தம் குறைகிறது, வேலைத்திறன் கூடுகிறது என்ற நோக்கில் அவை நடைபெறுகின்றன. அந்தப் பயன்களை ஊ பா கின்னும் மறுத்திருக்க மாட்டார். நான்கு துறைகளைத் தாங்கிய அவருடைய உழைப்பே அவற்றுக்குச் சான்று. ஆனால் தலைவலிக்கு மருந்து கேட்டு வந்தவரிடம் அவர் காட்டிய தயக்கத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். அமைதியை மட்டும் எடுத்துக்கொண்டு ஒழுக்கத்தை விட்டுவிடும் பயிற்சியை அவர் தியானம் என்று ஏற்றதில்லை.

அலுவலகத்தில் தியானம் பலித்திருக்கிறதா என்பதை அறிய, கண்மூடி அமர்ந்த நேரத்தை அவர் அளவுகோலாகக் கொள்ளவில்லை. கண் திறந்த பின் அந்த ஊழியர் எழுதும் கணக்கு சரியாக இருக்கிறதா, தமக்குக் கீழே இருப்பவரிடம் பேசும் சொல் கனிவாக இருக்கிறதா, மேசைக்கு அடியில் நீட்டப்படும் உறையைக் கை தள்ளிவிடுகிறதா என்பவையே அவருடைய அலுவலக வாழ்க்கை காட்டும் அளவுகோல்கள்.

நேரமில்லை என்று சொல்லும் எவருக்கும் அவருடைய நாட்குறிப்பு பதிலாகும். பத்து நாள் விடுப்பில் ஆற்றைக் கடந்து, சேற்றில் நடந்து, அந்தக் கணக்கர் கற்றுக்கொண்டது ஒரு மூச்சை முழுமையாகக் கவனிப்பதை. அதை அவர் தம் மேசைக்குக் கொண்டுவந்தார். நாளைக் காலை அலுவலகம் சென்று முதல் கோப்பைத் திறக்குமுன், அந்த ஒரு மூச்சை எவரும் கவனித்துத் தொடங்கலாம்.